கண் கேட்டவருக்குக் கோல்

(சுந்தரர் குருபூசையை ஒட்டி ஆடி சுவாதி மாலையில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஆடி சுவாதியில் சுந்தரரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால், பேசுகிறவர்கள் வழக்கமாக வெள்ளை யானையில்தான் வந்து நிற்பார்கள். யானை மேல் சுந்தரர், குதிரை மேல் சேரமான் பெருமாள், இரண்டு பேரும் கயிலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், சுபம். கேட்கவும் நன்றாக இருக்கும், பிரசாதமும் ஆறாமல் கிடைக்கும். நான் இன்றைக்கு யானை வரைக்கும் போகப் போவதில்லை. வெண்பாக்கத்தில் நின்றுவிடப் போகிறேன். அங்கே அவர் இரண்டு கண்ணும் தெரியாமல் நிற்கிறார்.

இங்கே சென்னையிலிருந்து வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நீங்களெல்லாம் பூண்டித் தண்ணீர் குடித்தவர்கள். கொசஸ்தலை ஆற்றை மறித்து அந்த நீர்த்தேக்கத்தை 1944இல் கட்டி முடித்தார்கள். அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர்தான் அதற்கு. ஆனால் அவர் 1943இலேயே போய்விட்டார். தண்ணீர் நின்றதை அவர் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீருக்குள்தான் பழைய திருவெண்பாக்கம் போயிற்று. கோயிலை அங்கிருந்து எடுத்துப் பூண்டியில் வைத்தார்கள். சாமியே வீடு மாற வேண்டி வந்த ஊர். சுவாமிக்கு அங்கே ஊன்றீசுவரர் என்று பெயர். ஊன்றுகோல் கொடுத்தவர். சந்நிதிக்கு எதிரே இருக்கிற நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தாயாருக்கு ஐம்பத்தெட்டு வயதில் பார்வை மங்க ஆரம்பித்தது. புரையாக இருக்கும், ஒரு ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்று நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம். கடைசியில் காட்டியபோது, கண்ணில் பிரஷர், நரம்பு பட்டுப்போய்விட்டது, போன பார்வை போனதுதான், இருக்கிறதை வேண்டுமானால் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அதையும் காப்பாற்ற முடியவில்லை. அப்பா மாரியம்மன் கோயிலுக்குக் கண்மலர் வேண்டிக்கொண்டார். கோயில் வாசலில் தட்டில் வைத்து விற்பார்களே, வெள்ளித் தகட்டில் இரண்டு கண், அதுதான். ஒரு வருஷம் போட்டார், அடுத்த வருஷம் போட்டார், மூன்றாம் வருஷமும் வாங்கிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்துத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "அவளுக்கு இன்னும் எத்தனை கண்ணுதான் வேணுமாம்?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இன்றைக்கு வரவில்லை. அந்த மாதிரிக் கேள்வி கேட்பது பக்திக் குறைவா என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

சுந்தரரைப் போல வேண்டுதல் பலித்த ஆள் நம் அறுபத்துமூவரில் வேறு யாரும் கிடையாது. இந்த மண்ணில் அவர் இருந்தது 18 வருஷம் என்பது மரபு. நம் வீட்டில் பிளஸ் டூ முடித்த பையன் வயசு. குண்டையூரில் நெல் கிடைத்தது, மலை மாதிரி. அதை ஆரூருக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டும் என்று கோளிலியில் கேட்டார், பூதங்கள் தூக்கிக்கொண்டு போய் ஊர் பூராவும் கொட்டின. புகலூரில் தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னாயிற்று. முதுகுன்றத்தில் 12,000 பொன் வாங்கினார். வழியில் திருட்டுப் பயம் என்று அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் போய் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு நாம் போனில் பணம் அனுப்புவதற்கு அவர்தான் முன்னோடி. எடுத்த பொன்னில் மாற்றுக் குறைகிறது என்று அதற்கும் ஒரு பதிகம் பாடிச் சரி பண்ணிக்கொண்டார். திருக்கச்சூரில் பசி என்று உட்கார்ந்தபோது சாமியே வீடு வீடாகப் போய்ப் பிச்சை வாங்கிக்கொண்டு வந்து சோறு போட்டார். தம்பிரான் தோழர் என்று சும்மாவா பெயர்?

கேட்டதெல்லாம் கிடைத்தவனுக்கு, கேட்கக் கூடாததையும் கேட்கத் தோன்றும். ஒற்றியூரில் அதுதான் நடந்தது.

ஆரூரில் மனைவி பரவையார் இருக்கிறார். ஒற்றியூரில் பூக்கட்டுகிற மண்டபத்தில் சங்கிலியாரைப் பார்க்கிறார். தொண்டும் மாலையுமாக இருந்த பெண். அந்தப் பெண் வேண்டும் என்று சிவனிடம் கேட்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் போய்ப் பேசுகிறார். அந்த அம்மாள் விவரமானவர். ஆரூரில் ஒரு வீடு இருக்கிறவராயிற்றே, என்னை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தால் சம்மதம் என்கிறார். சத்தியம் பண்ண வேண்டும், அதே சமயம் அது கட்டுப்படுத்தவும் கூடாது. என்ன செய்யலாம்? சுந்தரர் சிவனிடம் போய், நான் சத்தியம் பண்ணுகிற நேரத்துக்கு நீங்கள் சந்நிதியை விட்டு மகிழமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்கிறார். வெறும் சந்நிதியில் செய்த சத்தியம் வெறும் சத்தியம்தானே!

சிவன் சரி என்று சொல்லிவிட்டு, நேரே சங்கிலியாரிடம் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். இன்றைக்கும் ஒற்றியூரில் மாசி மாதம் மகிழடி சேவை நடக்கிறது. போய்ப் பாருங்கள்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். நாம் வேண்டும்போது நம் வேண்டுதல் ஒன்றுதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அதே சந்நிதியில் இன்னொருத்தரும் வந்து வேண்டிவிட்டுப் போயிருப்பார், அதற்கு நேர் எதிராக. இவருக்குப் போக வேண்டும், அவருக்கு இவர் போகக் கூடாது. சாமி இரண்டு பேருக்கும் சரி என்றார்.

அப்புறம் வசந்தம் வந்தது. ஆரூர்த் திருவிழா நினைவு வந்தது. புறப்பட்டுவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று.

திருமுல்லைவாயில் போனார், பாடினார். கண் வரவில்லை. அங்கிருந்து வெண்பாக்கம். அங்கே பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் படியுங்கள். பணிவாக ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தப்பைப் பொறுத்துக்கொள்வாய் என்ற நம்பிக்கையில்தானே தப்புப் பண்ணினேன், உனக்குப் பழி வருமே என்றுகூடப் பார்க்காமல் என் கண்ணைப் படலத்தால் மூடிவிட்டாயே என்கிறார். தப்பு இவருடையது. பழி யாருக்கு? அவருக்கு! அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறார். கோயிலுக்குள்ளே இருக்கிறாயா என்று.

கண் தெரிகிறவன் கேட்க மாட்டான் அந்தக் கேள்வியை. உள்ளே லிங்கம் தெரியும், விளக்குத் தெரியும், இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. இருக்கிறோம், நீர் போம் என்கிற மாதிரி. கூடவே ஒரு கோல். அவ்வளவுதான். கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்தது.

இதற்கு மேல் பூண்டியில் சொல்கிற கதை. பெரிய புராணத்தில் இல்லை, ஊர்க் கதை. சுந்தரர் அந்தக் கோலைத் தூக்கி எறிந்தாராம். அது நந்தி மேல் பட்டுக் கொம்பு உடைந்ததாம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். புலவர்கள் சொல்லத் தயங்கினதை ஊர்க்காரர்கள் கல்லில் வைத்துவிட்டார்கள். கண் கேட்ட மனிதன் கோலை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டுப் போனான் என்று அவர்கள் சொல்லவில்லை.

நாம் அப்படித்தான் சொல்கிறோம். அதுவும் அடுத்தவர்களிடம்தான் சொல்கிறோம். பிள்ளை செத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, பகவான் ஒன்றை எடுத்தால் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொடுப்பான் என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை. அம்மாவுக்குக் கண் போகும் வரைக்கும் அந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியாது. எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் வந்து, "வெளிக்கண்ணு போனா உட்கண்ணு திறக்கும் தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா காப்பி டம்ளரைத் தேடித் தடவிக்கொண்டே, "அப்ப நீங்க ஒண்ணைக் கொடுத்துட்டு வாங்கிக்குங்களேன்" என்றாள். அவர் அதற்கப்புறம் ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கோல் கண்ணைவிடப் பெரிதா? இல்லை. சுந்தரர் அப்படிச் சொல்லவில்லை, பெரிய புராணத்தில் சேக்கிழாரும் சொல்லவில்லை. கோல், கோல்தான். அதை ஊன்றிக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆலங்காட்டுப் பக்கம் போனார், காஞ்சிக்குப் போனார். காமகோட்டத்தில் கும்பிட்டு ஏகம்பத்துக்குப் போனார். எல்லாம் யார் கோயில்? யார் மேல் கோபமோ அவர் கோயில். ஒரு கோயிலில் கிடைக்கவில்லை என்றதும் அடுத்த கோயில், அங்கேயும் அதே ஆள். வாதியும் பிரதிவாதியும் ஒன்றாக நடந்து போகிற வழக்கு இது. அவர்களுடைய பழக்கமே வழக்கில்தானே ஆரம்பித்தது? சுந்தரரின் கல்யாணப் பந்தலில் சிவன் கிழவராக வந்து ஓலையைக் காட்டி, உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை நீ என்று வெண்ணெய்நல்லூர் சபைக்கு இழுத்துக்கொண்டு போனாரே! அங்கே தோற்றது சுந்தரர். ஓலை எழுதி வாங்கினவருக்குப் பொறுப்பும் உண்டு என்பதை அன்றிலிருந்து அவர் மறக்கவே இல்லை.

காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண் வரவில்லை. பாதி கொடுத்து நிறுத்திவைத்தார். வழியில் உடம்பில் நோய் வேறு வந்து, திருத்துருத்தியில், நம் குத்தாலம்தான், குளத்தில் முழுகிச் சரியாயிற்று. கடைசியில் ஆரூர். அங்கே பாடிய பதிகம்தான் உச்சம். எங்கள் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற நீர் நன்றாக இரும் என்று வாழ்த்துவது போல வைகிறார். அம்மாக்கள் சொல்வார்களே, "மகராசனா இருடா" என்று, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தத் தொனி. அந்த வசவைக் கேட்ட பிறகுதான் வலக்கண் கிடைத்தது. இதை ஓதுவார்கள் கண்மூடிப் பண்ணோடு பாடும்போது நாமும் தலையாட்டிக்கொண்டு கேட்கிறோம். உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்று கவனித்தால் தலையாட்டம் நின்றுவிடும்.

ஆக, சாமியைக் கோபித்துக்கொள்வது நம்பிக்கைக் குறைவு என்று இனிமேல் யாராவது சொன்னால் ஏழாம் திருமுறையைக் காட்டுங்கள். நம்பாதவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கடன் திரும்பி வராது என்று தெரிந்துபோனால் நாம் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. வரும் என்று நினைக்கிறவன்தான் வாசலில் போய்ச் சத்தம் போடுகிறான்.

இங்கே ஒருவர் எழுந்து, உங்கள் சுந்தரருக்குத்தான் கடைசியில் இரண்டு கண்ணும் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வராதவர்கள் கதி?

புராணத்துக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். சங்கிலியார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, என்னை விட்டுப் போகக் கூடாது. மரத்தடியில் சத்தியமும் வாங்கிவிட்டார், சாமியே யோசனை சொல்லி. அப்படியும் சுந்தரர் போய்விட்டார். சேக்கிழார் நம்மைச் சுந்தரரோடு வெண்பாக்கம், காஞ்சி, ஆரூர் என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அங்கே பரவையார் கதவைத் திறக்கவில்லை என்றதும் சிவனே நடுராத்திரியில் தூது போகிறார். முதல் தடவை கேட்டது கிடைக்காமல் திரும்பி வருகிறார். ஆமாம், சாமிக்கும் ஒரு தடவை கிடைக்கவில்லை! இரண்டாம் தடவை போய்த்தான் காரியம் ஆகிறது. இவ்வளவும் ஆரூரில் நடக்கும்போது ஒற்றியூரில் அந்த அம்மாள் இருக்கிறார், சாமிக்கு மாலை கட்டிக்கொண்டு என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு யாரும் தூது வரவில்லை. அவருக்காக ஒரு பதிகம் இல்லை. நான் பேசினவர்களில் எத்தனையோ பேர் சங்கிலியார் கட்சிதான். சத்தியம் வாங்கிய மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள்.

இன்னொருவர் தண்டியடிகள். ஆரூர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லை. கோயில் குளம் தூர்ந்து சுருங்கிப்போனதை அறிந்து, தானே வெட்டிக் கரையை அகலப்படுத்தக் கிளம்பினார். குளத்துக்குள்ளே ஒரு தறி, கரைமேல் ஒரு தறி, இரண்டையும் கயிற்றால் கட்டிவிட்டார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார், மண்ணை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுவார். பிற்பாடு சமணர்களோடு தகராறு வந்தது, பார்வை வந்தது, அதெல்லாம் புராணத்தில் இருக்கிறது. அந்தத் தகராறைச் சொல்லி மகிழ எனக்கு விருப்பமில்லை, விட்டுவிடுகிறேன். எனக்கு அந்தக் கயிறு போதும். கண் வந்த பிறகு குளம் வெட்டலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். திருத்தொண்டத்தொகை பாடினபோது சுந்தரர் இந்தத் தண்டியடிகளைக் குருடர் என்று சொல்லவில்லை. பார்வை மிகுந்தவர் என்கிற பொருளில் ஒரு அடைமொழி போட்டு, அவருக்கு நான் அடியேன் என்றார். அதைப் பாடியபோது சுந்தரருக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. ஒற்றியூர் இன்னும் வரவில்லை. வெண்பாக்கத்தில் கையில் கோலோடு நின்றபோது, தான் முன்பு பாடிய அந்த அடைமொழி அவருக்கு நினைவு வந்திருக்குமா? சேக்கிழார் சொல்லவில்லை. எனக்கு அது வராமல் இருந்திருக்காது என்று படுகிறது.

அம்மாவிடம் வருகிறேன். நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன்.

என் தம்பி நல்ல கைத்தடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான், அடியில் ரப்பர் வைத்தது. அம்மா அதைத் தொடவில்லை. எறியவும் இல்லை, கதவு இடுக்கில் நிறுத்திவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள். அடுக்களையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சாமி அலமாரி, அங்கிருந்து கொல்லைப்புறம். எண்ணெய்க் கையா, மஞ்சள் கையா, இடுப்பு உயரத்துக்குச் சுவர் நீளத்துக்கும் ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் இரண்டு கை பூசியும் மேலே வந்துவிட்டது அது. "சார், இது தேய்ச்சாத்தான் போகும்" என்றார். விட்டுவிடுங்கள் என்றேன்.

தினம் நான் பெரிய புராணம் கொஞ்சம் வாசித்துச் சொல்வேன். இந்தக் கதை இருக்கிற ஏயர்கோன் புராணம் வந்தால் காஞ்சியில் நிறுத்தச் சொல்வாள். "ஒத்தக் கண்ணு போதும்டா, அதுக்கு மேல படிக்காதே." ஆரூர் வரைக்கும் அவள் என்னைப் போகவிட்டதே இல்லை. அந்த ஒரு கண்ணும் அவளுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அப்படியே இருந்து போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பன்னிரண்டு வருஷமும் சாயங்காலம் விளக்கு அவள்தான் ஏற்றுவாள். மருமகள்களை விடமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு வருவாள். விளக்கின் விளிம்பைத் தடவி, உள்ளே ஆள்காட்டி விரலை விட்டு எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பாள். திரியை நுனியில் கிள்ளி நிமிர்த்துவாள். தீக்குச்சியைக் கிழிக்கும் முன்னால் ஒரு தடவை, சன்னமாக, "இருக்கியா?" என்பாள்.

எண்ணெயைக் கேட்கிறாள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.